கேமராவைப் பார்க்காத அப்பா

கல்யாணத்துக்கு இனி போட்டோவே வேண்டாம், வீடியோ போதும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். என் தங்கையைக் கட்டிக்கொண்ட பெரம்பலூர் மாப்பிள்ளை அதைத்தான் சொன்னார்.

"போட்டோவ எல்லாம் இப்ப யாரு மச்சான் பாக்குறா? வீடியோ எடுத்தா அதுலேருந்து எத்தனை படம் வேணாலும் எடுத்துக்கலாம்."

அப்பாவுக்கு மனசில்லை. ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் மூட்டை தூக்கி ஓய்ந்த மனிதர். "எல்லாரும் நின்னு ஒரு படம் எடுத்து வூட்ல மாட்டணும்ல" என்று முனகினார். பிறகு, சம்பந்தி வீட்டு ஆசை, போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அரியலூர் மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முன்பே வீடியோக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கேமரா தன் பக்கம் திரும்பியதும் அப்பா தோள்துண்டைச் சரிசெய்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் எடுக்க நிற்பது என்றால் அவருக்கு அதுதான். வீடியோக்காரர் சிரித்துவிட்டார்.

"அப்பா, கேமராவப் பாக்காதீங்க. நாங்க இருக்கறதையே மறந்துடுங்க. அப்பதான் நல்லா வரும்."

அப்பா சொன்ன சொல்லைத் தட்டாதவர். அன்று முழுக்க அவர் கேமராவைப் பார்க்கவே இல்லை. அது இடப்பக்கம் வந்தால் வலப்பக்கம் திரும்பிக்கொண்டார். தாரை வார்த்தபோது தரையைப் பார்த்தார். பந்தியில் என்னிடம் வந்து, "சரியாப் பண்றனாடா?" என்று ரகசியமாகக் கேட்டார். "பிரமாதமா பண்றீங்க" என்று நானும் கிண்டல் செய்தேன்.

அடுத்த ஆடிக்குள் அப்பா போய்விட்டார். டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கருமாதிக்குப் படத்திறப்பு வைக்க வேண்டும். நல்ல படம் இல்லை. ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கினால் அதில் அப்பா இல்லை, யாரோ ஒருவர் முறைத்தார். செல்போன்களில் பாதி முகம், கலங்கிய முகம்.

"வீடியோ இருக்குல்ல மச்சான்" என்று மாப்பிள்ளை லேப்டாப்போடு உட்கார்ந்தார். ஓட்டினார், நிறுத்தினார், மறுபடி ஓட்டினார். குனிந்த தலை. பக்கவாட்டுக் கன்னம். பின்கழுத்து. எங்கே நிறுத்தினாலும் அப்பா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடத்தான் இருந்தேன். திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன்.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தோம். மேடையோரம் நின்று, மணவறைப் பக்கம் பார்த்து லேசாகச் சிரிக்கிறார். நரைத்த மீசை முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

கருமாதியன்று துணியை விலக்கியதும், "உசுரோட நிக்கிற மாதிரியே இருக்கு" என்றார்கள் உறவுக்காரர்கள். அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து படத்தின் முன் நிறுத்தினோம். பூவைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா பார்த்தபடியே நின்றாள். பிறகு கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தாள். இன்னும் நகர்ந்தாள். சுவர் வரைக்கும் போய்விட்டாள். அங்கேயும் அவர் அவளைப் பார்க்கவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். மாப்பிள்ளை என்னருகில்தான் நின்றிருந்தார்.

"ஏண்டா, கடைசியா ஒருதரம் எம்மூஞ்சியப் பாக்க வேணாம்னு அவருகிட்ட யாருடா சொன்னது?"