இடதுபக்கம் இழுத்த ஜீப்பு

போன வாரம் ஹட்டனிலிருந்து கீழே இறங்கும் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு பிரேக் கருகும் வாசனை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். எனக்கோ அது பசியைக் கிளப்பும் வாசனை. சிரிக்காதீர்கள். வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கராஜில் வேலை செய்த காலத்தில், கையைக் கழுவினாலும் போகாத அந்த வாசனையோடுதான் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டேன்.

அதற்கு முன் கந்தப்பளையில் பேக்கரி வேலை. உடப்புசல்லாவையில் லொறி கிளீனர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டதால் ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் பழக்கம் எனக்கு வரவேயில்லை. வட்டவளையில் மட்டும் சில வருஷம் தங்கினேன். அதற்குக் காரணம் சவரிமுத்து அண்ணன்.

அவர் தோட்டத்து மானேஜர் பெரியதுரையின் ஜீப்பை ஓட்டியவர். கிறிஸ்தவ வேதக்காரர். குடிக்க மாட்டார். கல்யாண வீட்டில் மற்றவர்கள் சாராயத்தில் மிதக்கும்போது இவர் பிளேன்டீ கேட்பார். "பொம்பளையாட்டம் டீத்தண்ணி குடிக்கிறான் பாரு" என்று கேலி செய்வார்கள். "நீங்க விழுந்து கெடக்கிறப்ப தூக்கிட்டுப் போய்ப் போட ஒருத்தன் வேணாமாடா?" என்பார் அவர். சொன்னபடியே தூக்கிக்கொண்டும் போவார்.

மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள் காலை, துரைசாணியை ஏற்றிக்கொண்டு போன ஜீப்பு பாலத்துச் சுவரில் உரசியது. யாருக்கும் காயமில்லை. ஆனால் துரை கராஜுக்கே வந்துவிட்டார். வெள்ளைக்காரர், புத்தகத்தில் படித்த தமிழ்.

"நீ ராத்திரி குடிச்சான். அதான் வண்டி கோணலா போறான்."

"இல்லைங்க தொர. வண்டி தானா எடதுபக்கம் இழுக்குதுங்க."

"சாயந்தரத்துக்குள்ளே கோளாறு எனக்குக் காட்டு. இல்லே, பத்துச்சீட்டு."

பத்துச்சீட்டு கிடைத்தால் வேலையோடு குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும். பெண்டாட்டி பிள்ளையோடு ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

நானும் அவரும் தேடத் தொடங்கினோம். டயர்களில் காற்று சமமாக இருந்தது. வலதுபக்கச் சக்கரங்களை இடதுபக்கம் மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்த்தோம். அப்படியும் இடதுபக்கமே இழுத்தது. ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடித்துக்கொண்டிருக்குமோ என்று, பிரேக்கைத் தொடாமல் ஓட்டி நிறுத்தி சக்கரங்களின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே இளஞ்சூடு. ஸ்டியரிங் தண்டுகளை உலுக்கினேன். ஆட்டம் இல்லை. மத்தியானம் ஆகிவிட்டது. சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை.

பிறகு, பங்களாத் தோட்டக்காரன் பாத்தி பிடிக்கும் கயிற்றை வாங்கிவந்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவுக்கு அளந்தோம். இடதுபக்கத்தைவிட வலதுபக்கம் இரண்டு விரற்கடை நீளம்! கீழே புகுந்தேன். பின்பக்கம் அச்சைத் தாங்கும் வலது வில்லுப் பட்டைகளை நடுவில் இறுக்கிப் பிடிக்கும் போல்ட் முறிந்திருந்தது. அச்சின் அந்த முனை பின்னால் நகர்ந்திருந்தது. பின்சக்கரங்கள் கோணி நின்றால் வண்டி நேராகவா போகும்?

"அண்ணே, தப்பிச்சோம்ணே!" என்று கத்தினேன்.

அவர் சிரிக்கவில்லை. குனிந்து அச்சைத் தடவிப் பார்த்தார். கயிறு அழுத்திய தடம். அதில் மஞ்சள் அப்பியிருந்தது.

அப்போதுதான் சொன்னார். முதல்நாள் பொழுது சாயும் நேரம் துரையைக் கிளப்பில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு வந்திருக்கிறார். பெரிய மழை. தேரோடு வந்த கூட்டம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குள் ஒதுங்கிவிட்டது. வளைவில் சேற்றில் புதைந்த தேரோடு கோயில் தலைவர் மாடசாமியும் நாலைந்து ஆட்களும் மட்டும் அழுதுகொண்டு நின்றிருக்கிறார்கள். தேர் நடுவழியில் நின்றால் லயங்களில் அம்மை போடும் என்று பயம். மஞ்சள் தோய்த்த தேர்வடத்தை அவசரத்தில் அச்சின் வலது முனையில் கட்டி, ஜீப்பால் இழுத்துக் கரையேற்றியிருக்கிறார்.

"போல்ட் ஒடைஞ்சதுன்னு மட்டும் சொல்லுவோம்ணே."

"எப்படி ஒடைஞ்சதுன்னு குனிஞ்சு பாப்பான்டா. மஞ்சள் தெரியாதா அவனுக்கு?"

தேருக்குத் தோட்டத்துச் சாமான் எதைத் தொட்டாலும் தலைவருக்கு வேலையில்லை, இனித் திருவிழாவும் இல்லை என்று துரை, காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் மாடசாமித் தலைவரே வந்தார். "சவரி, தொர கெடக்கட்டும். ஆத்தாவ வண்டி இழுத்துச்சுன்னு தெரிஞ்சா நம்ம சனமே எங்களக் காறித் துப்பும்ப்பா. கையால இழுக்கிறதா நேர்ந்துக்கிட்ட தேரு." தலைத்துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்.

"அழுவாதீங்க தலைவரே. எப்படிப் பாத்தாலும் எனக்குச் சீட்டுத்தான். உங்களுக்கும் ஏன்?"

சாயந்தரம் துரை வந்ததும், நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "வண்டியில ஒண்ணுமில்லைங்க. நான் குடிச்சிருந்தேங்க தொர."

எத்தனையோ பேர் குடித்துவிட்டு இல்லை என்று சத்தியம் செய்ததைப் பார்த்திருக்கிறேன். குடிக்காத ஒருவர் குடித்தேன் என்று சொன்னதை அன்றுதான் பார்த்தேன்.

பத்துச்சீட்டோடு அவர்கள் கிளம்பிய அன்று, ரயில் ஸ்டேஷனில் அவருடைய சம்சாரம் பிலோமினா அக்கா மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். "கல்யாணத்தன்னைக்குக்கூட குடிக்காத மனுசன். ஒரே நாள்ல குடிகாரனாயிட்டாரு. கெட்டிக்காரருதான்" என்றாள். அண்ணன் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் சொல்லிவிட்டுப் போனபடி, மஞ்சளைத் துடைத்துப் புதிய போல்ட் போட்டேன். வண்டி நூல் பிடித்த மாதிரி ஓடியது. புது டிரைவர் ஓட்டுவதைப் பார்த்துத் துரை, "பாத்தியா? டிரைவர் மாத்தினது, வண்டி நேரா போறான்" என்று என்னிடமே சொன்னார்.

அதன்பிறகு எனக்கு அங்கே தங்க மனமில்லை.

பல வருஷம் கழித்து வவுனியாவில் ஒரு லொறிக்காரன் சொன்னான், சவரிமுத்து என்று ஒரு மலைநாட்டு டிரைவர் அங்கே செத்துப்போனாராம், பெரிய குடிகாரராம். தோட்டத்திலிருந்து கூடவே போன பேச்சா, உண்மையிலேயே குடிக்கத் தொடங்கிவிட்டாரா, தெரியவில்லை. விசாரிக்கவும் பயமாக இருந்தது.

மாடசாமித் தலைவரும் அந்த நாலைந்து பேரும் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். துரைமாரும் போய்விட்டார்கள். அந்தத் தோட்டத்தில் தேரை இப்போது டிராக்டர் இழுக்கிறது. பட்டப்பகலில், டிராக்டருக்கு மாலை போட்டு, எல்லாரும் கும்பிட்டுக்கொண்டு பின்னால் போகிறார்கள்.