ட்ராக் குரல்

மெரின் டால்ஹர்ஸ்ட் தன் பாட்டை யாருக்குப் போட்டுக் காட்டினாலும், பொத்தானை அழுத்துவதற்கு முன்பு ஒன்றைச் சொல்லிவிடுவாள்: "இது சும்மா ரஃப்தான். இன்னும் முடியல."

அந்த ஊர்ப் பழக்கம் அது. பர்னி என்ற அந்தச் சிறு துறைமுக ஊரில் வீட்டில் சுட்ட கேக்கைக் கொண்டுவருகிறவர்கள், "நடுவுல அமுங்கிப்போச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் மேசையில் வைப்பார்கள். மீன் பிடித்து வந்தவன் கூடையைத் திறக்கும் முன்பே, பெரிதாக ஒன்றும் மாட்டவில்லை என்பான். தான் செய்ததைத் தானே மெச்சிக்கொள்கிறவரை அங்கே யாருக்கும் பிடிக்காது. மெரினும் அப்படியே வளர்ந்தவள். மருத்துவமனைகளுக்கும் மோட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலையில் வேலை. சூடான உருளைகளுக்கு நடுவிலிருந்து வரும் விரிப்புகளை மடித்து மடித்து அவள் கைகள் எப்போதும் வறண்டிருக்கும். கிட்டார் கம்பி பட்டுப் பட்டு விரல் நுனிகள் வேறு காய்த்துப்போயிருந்தன.

வார இறுதிகளில் அவளும் லீத்தும் டார்சியும் பப்களில் வாசிப்பார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த பழைய ராக் பாட்டுகள். லீத் நடுவில் நின்று பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவான். டார்சி பின்னால் டிரம்ஸ். மெரின் இடது ஓரத்தில் கிட்டாரோடு நிற்பாள். பல்லவி வரும்போது மட்டும் மைக்கை நெருங்கி லீத்தின் குரலுக்கு அடியில் தன் குரலைச் சேர்ப்பாள். பிறகு பின்வாங்கிவிடுவாள். இத்தனை வருடத்தில் ஒரு முழுப் பாட்டை அவள் மேடையில் பாடியதே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை, அவளும் சொல்லவில்லை.

ஈஸ்டரின்போது கடற்கரை சர்ஃப் கிளப்பில் கோடைப் பருவம் முடியும் விருந்து. அதில் இந்த முறை சொந்தமாக ஒரு பாட்டாவது வாசிக்க வேண்டும் என்று லீத் சொன்னபோது, "என்கிட்ட ஒண்ணு இருக்கு" என்று மெரின் சொல்லிவிட்டாள்.

பாட்டு நெடுநாளாக அவளிடம் இருந்தது. டெவன்போர்ட் கப்பல்துறையில் ஒரு பெண் நிற்கிறாள். மெல்பர்னுக்குப் போகும் கப்பலில் தோழன் ஏறிவிட்டான். கப்பல் ஆற்றிலேயே மெல்லத் திரும்பி, கடலைப் பார்த்து முகத்தை வைக்கிறது. அவன் மேல்தளத்தில் நிற்கிறான், கையாட்டவில்லை. அவள் ஹீட்டர் வேலை செய்யாத காரில் தனியாக வீடு திரும்புகிறாள். போகிறவர்களைப் பற்றிப் பாட்டுகள் ஏராளம். இது கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவளின் பாட்டு. கப்பல் திரும்பும் இடத்தில் எல்லா வாத்தியங்களும் நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. அதன் பிறகுதான் கடைசிச் சரணம்.

பக்கத்து வீட்டுப் புல்வெட்டி ஓய்ந்த பிறகான ஞாயிறு மதியங்களில் அதைப் பதிவு செய்தாள். காலி அறையில் துணி அலமாரியைத் திறந்துவைத்து, குளிர்காலக் கோட்டுகளுக்கு நடுவே மைக்கை நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் மெத்தைப் போர்வையைத் தொங்கவிட்டு, கோட்டுகளைப் பார்த்துப் பாடினாள். டிரம்ஸ் கணினியில் தட்டியது. கிட்டார் அவசரத்துக்கு வாசித்தது. குரலுக்குத்தான் உயிரைக் கொடுத்திருந்தாள். அவள் தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பாட்டை என் குரல் தாங்குகிறதா?

முதலில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். அம்மா உருளைக்கிழங்கு சீவியபடியே கடைசிவரை கேட்டாள்.

"நல்லாருக்கு செல்லம். லீத் பாடினான்னா இன்னும் தூக்கலா இருக்கும்."

"லீத் எதுக்கும்மா?"

"அவன்தானே உங்க பாட்டுக்காரன்? இதென்ன கேள்வி?" என்று அம்மா கிழங்கைக் கொதிநீரில் போட்டாள்.

அடுத்து டார்சி. அவன் பிளம்பர். மதிய இடைவேளையில் சலவை ஆலை வாசலில் வேனை நிறுத்தி, சிப்பிக் கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை ஒன்றைக் கடித்துக்கொண்டு அதைக் கேட்டான். வேனில் கேட்டால்தான் பாட்டின் யோக்கியதை தெரியும் என்பது அவன் கொள்கை.

"ஸ்னேர் டிரம் தகர டப்பா மாதிரி இருக்கு மெர்."

"அது கணினி. நீதானே அப்புறம் வாசிக்கப்போற? வேற சொல்லு."

"கிட்டார் ஓகே."

"வேற?"

"பாட்டு நல்ல பாட்டு. அந்த ட்ராக் குரலை மட்டும் கொஞ்சம் குறைச்சுவை. ஸ்னேரை மறைக்குது."

ட்ராக் குரல். பின்னால் வரப்போகும் பாடகருக்கு வழிகாட்ட யாரோ ஒப்புக்குப் பாடி வைப்பது. பாடகர் வந்ததும் அழித்துவிடுவது. அது ட்ராக் இல்லை என்று சொல்ல மெரின் வாயைத் திறந்தாள். டார்சி விரலில் ஒட்டியிருந்த மசாலாவை நக்கிக்கொண்டிருந்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

முகம் தெரியாதவர்கள் உண்மையைச் சொல்வார்கள் என்று நினைத்து, வீட்டில் பதிவு செய்கிறவர்கள் கூடும் ஓர் இணையத் தளத்தில் போட்டாள். தலைப்பிலேயே "ரஃப்" என்று எழுதினாள், கை தானாக எழுதியது. பெர்த்திலிருந்து ஒருவர் என்ன மைக் என்று கேட்டார். கனடாக்காரர் ஒருவர் அந்த மைக்கைக் குப்பையில் போடச் சொன்னார். பெர்த்காரருக்குக் கோபம் வந்துவிட்டது, அவரிடமும் அதே மைக்தான். இருவரும் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டார்கள். நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து, "அருமையான பாட்டு, உண்மையான பாடகர் வந்ததும் கலக்கும்" என்று இதயம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்.

மெரின் ஒரு ஞாயிறு முழுக்கக் கோட்டுகளுக்குள் நின்று குரலை மட்டும் மறுபடி பாடினாள். தொண்டை கரகரக்கும்வரை பாடினாள். வேறெதையும் தொடவில்லை. டார்சிக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது.

"ஸ்னேர் இப்போ எவ்வளவோ தேவல! என்ன பண்ணின?"

அவள் போனைச் சோஃபாவில் வீசினாள். சோஃபாவில் படுத்திருந்த நாய் எழுந்து, அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய்விட்டது.

லீத்துக்கு அனுப்பத்தான் அவள் பயந்தாள். அவனுக்குக் காது உண்டு. இளவயதில் மெல்பர்னுக்குப் போய், சில வருடம் அங்கே பாடி, ஒன்றும் சரிப்படாமல் திரும்பி, இப்போது கார் உதிரிபாகக் கடையில் நிற்கிறான். ஆனாலும் எந்தப் பேச்சும் "நான் மெல்பர்ன்ல இருந்தப்போ" என்றுதான் தொடங்கும். வாத்தியங்களையும் குரலையும் தனித்தனிக் கோப்புகளாக அனுப்பும்போது அவனுக்கும் அதே வாக்கியத்தை எழுதினாள்: சும்மா ரஃப்தான்.

இரண்டு நாள் சத்தமில்லை. பிறகு ஒரு கோப்பு வந்தது. கூடவே: "செம பாட்டு மெர்! உனக்கு எதுக்குச் சிரமம்னு நானே பாடிட்டேன். யாரு அந்தப் பையன்? கல் நெஞ்சுக்காரனா இருக்கானே!"

வேலை முடிந்து துறைமுகத்தருகே காரை நிறுத்திக் கேட்டாள். ஏற்றுமதிக்குக் குவித்த மரச்சீவல் குன்றின்மேல் கடற்காற்று புழுதி கிளப்பிக்கொண்டிருந்தது. லீத் நன்றாகத்தான் பாடியிருந்தான். அதுதான் தாங்கவில்லை. மோசமாகப் பாடியிருந்தால் சிரித்திருக்கலாம். அவள் குரல் எங்கேயும் இல்லை. பல்லவியில் மட்டும், அவன் குரலுக்கு அடியில், வழக்கமான இடத்தில் இருந்தது. கப்பல் திரும்பும் இடம் வந்தது. வாத்தியங்கள் நின்றன. அந்த அமைதியில் லீத், "ஓ யே... யே... யே" என்றான்.

மெரின் ஸ்டியரிங்கை உள்ளங்கையால் அடித்தாள். ஹாரன் அலறியது. பக்கத்து வண்டியில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்த கிழவர் திரும்பிப் பார்த்து, நட்பாகக் கையாட்டினார்.

வியாழக்கிழமை சர்ஃப் கிளப்பின் படகுக் கொட்டகையில் ஒத்திகை. லீத் முன்னாடியே வந்து பேஸை மாட்டியிருந்தான்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"எப்படி?"

நல்லாருக்கு என்ற சொல் நாக்குவரை வந்தது. அதை விழுங்கினாள். "என் குரலை எதுக்கு எடுத்த?"

"எங்க எடுத்தேன்? பல்லவியில கீழ வெச்சிருக்கேனே. அங்க சூப்பரா உக்காருது."

"மத்த இடத்துல?"

"மத்த இடத்துல ட்ராக்தானே."

"ட்ராக் இல்ல லீத். அதுதான் குரல்."

டிரம்மின் திருகை இறுக்கிக்கொண்டிருந்த டார்சியின் கை நின்றது.

"நீதானே ரஃப்னு எழுதின?" என்றான் லீத்.

"கிட்டாருக்கு எழுதினேன்."

"கேக்கறவனுக்கு எப்படிம்மா தெரியும்? எது ரஃப், எது ரஃப் இல்லன்னு சீட்டு ஒட்டியா அனுப்பின?"

"என்கிட்டயும் ரஃப்னுதான் சொன்னா," என்றான் டார்சி.

"நீ சும்மா இருடா, ஸ்னேரு," என்றாள் மெரின்.

லீத் சிரிக்கவில்லை. "அப்போ நீ பாடப்போறியா? நடுவுல நின்னு?"

"ஆமா."

"சரி. அப்போ நெசத்தைச் சொல்லணும். ட்ராக்னு நெனச்சு விட்டுட்டேன்."

"சொல்லு. அதுக்குத்தான் இத்தனை நாளா நாயா அலையறேன்."

"மேல போற இடத்துல சுதி தொங்குது. எல்லா வரியிலயும் கடைசியை முழுங்குற. மொத்தத்துல, கோட்டுக்குள்ள வாயை வெச்சுப் பாடற மாதிரி இருக்கு."

"கோட்டுக்குள்ளதான் பாடினேன்."

டார்சி வெடித்துச் சிரித்தான். மெரினுக்குச் சிரிப்பு வரவில்லை, காது மடல் சுட்டது. அலமாரிக்குள் கழிந்த அத்தனை ஞாயிறுகளையும் அவன் மூன்று வரியில் முடித்துவிட்டான். அதுவும் சரியாகச் சொல்லிவிட்டான்.

"அப்புறம் அந்த நடு இடம்," என்றான் லீத். "ஓட்டை மாதிரி இருந்துச்சு. அதான் 'ஓ யே' போட்டு அடைச்சேன்."

"ஓட்டை இல்ல. அது கப்பல் திரும்பற நேரம். அப்போ கரையில யாரும் பேச மாட்டாங்க."

லீத் ஏதோ சொல்லப்போனவன் நிறுத்தினான். "அந்தக் காரு..."

"பச்சைக் காரு. ஹீட்டர் வேலை செய்யாது."

அவன் குனிந்து, ஏற்கனவே சுதி சேர்ந்திருந்த கம்பியை மறுபடி முறுக்கினான். "நான் கையாட்டினேனே."

"ஆட்டல."

"ஆட்டினதாத்தான் ஞாபகம்."

"கீழ நின்னது நானு, லீத்."

"எந்தக் காரு?" என்றான் டார்சி.

மெரின் கிட்டாரோடு நடு மைக்குக்கு வந்தாள். அது லீத்தின் உயரத்துக்கு நின்றது. இறக்கப் பார்த்தாள். உப்புக்காற்றில் திருகு துருப்பிடித்து இறுகியிருந்தது. இத்தனை வருடத்தில் அதை யாரும் திருகியதே இல்லை. அவள் இரண்டு கையாலும் பிடித்துத் திருகி, இழுத்து, காலால் ஓர் உதை விட்டாள். டார்சி பையிலிருந்து குழாய்க் குறடை எடுத்து லீத்திடம் நீட்டினான். லீத் வந்து மண்டியிட்டு, முனகிக்கொண்டே திருகைத் தளர்த்தி, மைக்கை அவள் வாய்க்கு நேராக இறக்கிவைத்தான். பிறகு இடது ஓரத்துக்குப் போனான்.

தொடங்கினார்கள். இரண்டாவது வரியிலேயே லீத் கையைத் தூக்கினான்.

"தொங்குது. மறுபடி."

மறுபடி பாடினாள்.

"கடைசியை முழுங்காத. மறுபடி."

கிட்டாரைக் கழற்றி அவன் தலையில் போட்டுவிடலாமா என்றிருந்தது. மறுபடி பாடினாள். இந்த முறை அவன் கை தூக்கவில்லை. பல்லவியில் அவன் குரல் அடியில் வந்து சேர்ந்தது, கொஞ்சம் சத்தமாக. அவள் திரும்பி முறைத்ததும் தணிந்தது. கப்பல் திரும்பும் இடம் வந்தது. வாத்தியங்கள் நின்றன. லீத் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். கொட்டகைக்கு வெளியே அலை மட்டும் கேட்டது.

கடைசிச் சரணத்தில் மேலே போகும் இடத்தில் அவள் குரல் மறுபடி தொங்கியது. அவளுக்கே தெரிந்தது.

"இன்னும் தொங்குது," என்றான் லீத்.

"தெரியுது. மூச்சு பத்தல. முதல்லேருந்து போலாம்."

டார்சி குச்சிகளைத் தூக்கினான், பிறகு இறக்கினான். "ஏங்க," என்றான் இருவரையும் பார்த்து, "ஸ்னேர் எப்படி இருந்துச்சுன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"