கறிக்கடையில் ஈ தின்னும் செடிகள்

கறிக்கடைக்காரருக்கு ஊரில் யாரோடும் பகையில்லை, ஈயைத் தவிர. வழக்கமாக மொத்தமாய் வாங்கும் ஓட்டல் சமையல்காரர் அன்றைக்குத் தொங்கிய தொடைக்கறியில் ஈ மொய்ப்பதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"அடுத்த வாரமும் இப்படித்தான்னா நான் வேற கடை பாத்துக்கறேன்."

அவர் போனால் யாவாரத்தில் பாதி போய்விடும்.

"வாசலுக்கு வலை அடிங்கன்னு தலபாடா அடிச்சுக்கறேன்" என்றாள் மனைவி.

"வலைக்குள்ள உக்கார நான் என்ன கோழியா?"

அவளுடைய தம்பிக்குச் செடிப் பண்ணையில் வேலை. மறுநாளே மூன்று தொட்டிகளைக் கொண்டுவந்து சன்னல் திண்டில் வைத்தான்.

"இதுங்க ஈ திங்கிற செடிங்க, மாமா. இந்தக் குடுவை விளிம்புல தேன் இருக்கும். நக்க வந்தா வழுக்கி உள்ள இருக்கற தண்ணில விழும். இந்த ரெண்டாவதுக்கு முடி நுனியெல்லாம் பசை. ஒட்டுனா இலை பாய் மாதிரி சுருட்டிக்கும். இந்த மூணாவதுக்கு இலையே வாய். உள்ள இருக்கற முடிய ரெண்டு தரம் தொட்டாத்தான் மூடும். ஒரு தரத்துல ஏமாறாது, உங்கள மாதிரி இல்ல."

"தண்ணிக்குள்ள இருந்தே பூச்சிய உறிஞ்சறதும் ஒண்ணு இருக்கு. அது உங்களுக்கு ஆகாது" என்றும் சொன்னான்.

செடிகள் தின்னத்தான் செய்தன. ஆனால் வாய்ச்செடியின் ஒரு வாய் ஒரே ஈயை விழுங்கிவிட்டு நாள்கணக்கில் திறக்கவில்லை. குடுவைத் தேனுக்குத் தெரு ஈயெல்லாம் விலாசம் விசாரித்து வந்தன. கடைக்காரர் பொறுமை போய் இன்னொரு வாயில் கறித்துண்டைத் திணித்தார். அது அழுகிக் கறுத்தது.

"ஏன்டா மச்சான், இது ஈ பிடிக்குதா, ஈக்கு விருந்து வைக்குதா?"

"அது தன் வயித்துக்குப் பிடிக்குது மாமா. உங்க யாவாரத்துக்கா பிடிக்கும்?"

சமையல்காரர் வருவதற்கு முந்தின நாள் கடைக்காரரே ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு வாசலுக்கும் சன்னலுக்கும் வலை அடித்தார். மனைவி முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுநாள் சமையல்காரர் வலையைத் தட்டிப் பார்த்தார், மேலே தொங்கிய கறியைப் பார்த்தார், வழக்கம்போல எடை போடச் சொன்னார்.

ஈ எல்லாம் வெளியே நின்றுவிட்டன. உள்ளே செடிகள் இளைத்தன. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று மனைவி கேட்டதற்கு, "இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

இப்போதெல்லாம் கூட்டம் ஓய்ந்ததும் கொல்லைக் குப்பைத்தொட்டிப் பக்கம் போகிறார். உள்ளங்கையைக் குவித்து ஒரு ஈயைப் பிடித்து, உயிரோடு கொண்டுவந்து வாய்ச்செடிக்குள் விடுகிறார்.

"அண்ணே, அரைக்கிலோ போடுங்க" என்று வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால், திரும்பாமலே சொல்வார்:

"கொஞ்சம் இரு. இது சாப்பிடுது."