காற்றடித்தால் திணறிய கம்ப்யூட்டர்

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். வீடு விருதுநகர். தினமும் காலையில் பஸ் ஏறி, ஆமத்தூர் வருவதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு, ஒன்பதரைக்கு சீட்டில் உட்கார்ந்துவிடுவேன். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, தமிழ் பி.ஏ. எழுத்துப் பிழை பார்க்க வந்து, அப்படியே டிசைன் கற்றுக்கொண்டு பதினேழு வருடம் ஓடிவிட்டது.

தீபாவளி முடிந்ததும் எங்களுக்குக் காலண்டர் சீசன். அந்த இரண்டு மாதமும் கண் மண் தெரியாது. ஒரே முருகன் படம்தான். அதன் கீழே ஒரு ஊருக்கு ஜவுளிக்கடை பெயர் போகும், இன்னொரு ஊருக்கு உரக்கடை பெயர் போகும். கடைப் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனால் மொத்த ஆர்டரும் வீண். அந்தப் பயத்திலேயே எனக்கு ஒவ்வொரு சீசனிலும் இரண்டு கிலோ குறையும்.

அந்த வருடம் சீசன் ஆரம்பித்த முதல் வாரமே என் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணத் தொடங்கியது. ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டு, எழுந்து போய் தண்ணீர் குடித்து, பக்கத்து சீட்டு அக்காவுக்குப் புதிதாகப் பிறந்த பேத்தியின் போட்டோவைப் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினாலும் அது பாதிதான் திறந்திருக்கும். எழுத்தை டைப் அடித்தால் நான் அடித்து முடித்த பிறகு ஒவ்வொன்றாக வந்து நிற்கும். உள்ளே இருக்கும் ஃபேன் மாவு மில் மாதிரி இரைந்தது. மேலே கை வைத்தால் சுட்டது.

எங்கள் மேனேஜரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். மல்லாங்கிணறுக்காரர். மூன்று ஏக்கர் நிலம் வைத்திருக்கிறார். பேச்சில் பாதி ஆர்டர், பாதி மழை. அவர் அரை மணிக்கு ஒரு தடவை என் பின்னால் வந்து நிற்பார்.

“என்ன தாயி, இன்னும் அந்த உரக்கடை முடியலையா?”

“திறந்தாத்தானே அண்ணாச்சி முடிக்க.”

“லோடு சீக்கிரம் போகணும்லா. முதலாளி என்னயப் பிடிச்சு உலுக்குறாரு.”

“உங்களை உலுக்குற மாதிரி இதையும் வந்து உலுக்கச் சொல்லுங்க.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விடுவார். கோபக்காரர் இல்லை. ஆனால் அந்த வருடம் அவர் முகமே சரியில்லை. போன வருடம் காட்டுப்பன்றி இறங்கி மக்காச்சோளத்தில் பாதியை உழப்பிவிட்டது என்று எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். இந்த வருடம் என்ன ஆகுமோ என்ற கவலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சர்வீஸ்காரரைக் கூப்பிட்டோம். அவர் வந்து மூடியைக் கழற்றி, ப்ளோயரால் ஊதினார். உள்ளே இருந்த தூசியெல்லாம் என் மூக்கில் ஏறியது. பிறகு ஆன் செய்து பார்த்தார். சொல்லி வைத்தாற்போல் அப்போது கம்ப்யூட்டர் பறந்தது. “பாத்தீங்களாக்கா, தூசிதான்” என்று போனவர் பஜார் முக்கு திரும்பியிருக்க மாட்டார், மறுபடியும் மாவு மில். இரண்டாவது தடவை வந்தபோது வைரஸ் இருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை வரவே இல்லை. போனிலேயே, “ப்ராசஸருக்கு வயசாயிருச்சுக்கா, புதுசு வாங்கச் சொல்லுங்க” என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

எனக்கு அது மனதில் ஒட்டவில்லை. வயதான ஆள் என்றால் நாள் முழுக்கத்தானே தள்ளாடணும்? இது சில நேரம் குதிரை மாதிரி ஓடுகிறது, சில நேரம் படுத்துவிடுகிறது. எப்போது படுக்கிறது என்று பார்ப்போம் என்று, வீணான ஒரு புரூஃப் தாளின் பின்பக்கத்தில் நேரத்தை எழுத ஆரம்பித்தேன். காலையில் வந்ததும் நன்றாக இருக்கும். பதினொரு மணிவாக்கில் இரைச்சல் ஆரம்பிக்கும். மத்தியானம் மோசம். சில நாள் சாயந்தரம் திடீரென்று சரியாகிவிடும். புதன்கிழமை முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. அன்று நாள் பூரா தூறல். கம்ப்யூட்டருக்குக் குளிர்ச்சியாக இருந்திருக்கும் என்று பக்கத்து சீட்டு அக்கா சொன்னாள். நானும் அதை நம்பி, வியாழக்கிழமை டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் வேர்த்து வடிந்தேன். பலன் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கம்ப்யூட்டருக்குள் என்னென்ன ஓடுகிறது, எது எவ்வளவு சக்தியைத் தின்கிறது என்று அதில் பார்க்கலாம். நான் பயன்படுத்தும் டிசைன் சாஃப்ட்வேர் நாலு சதவீதம்தான் எடுத்திருந்தது. பாவம், அதை நான் இத்தனை நாளாகத் திட்டியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே, நான் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர் எண்பத்தொன்பது சதவீதத்தில் உட்கார்ந்திருந்தது. திரையில் அதற்கு ஜன்னலும் இல்லை, கீழே பொத்தானும் இல்லை. பின்னாலிருந்து சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அதை நிறுத்தினேன். ஃபேன் சத்தம் அடங்கியது. ஒரு வாய் சோறு எடுத்து வைப்பதற்குள் மறுபடியும் இரைச்சல். பார்த்தால் அது திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. மறுபடி நிறுத்தினேன். சரியாக ஒரு நிமிடம், மறுபடி வந்தது. எனக்கு நிஜமாகவே பயமாகிவிட்டது. யாரோ எங்கேயோ இருந்துகொண்டு என் கம்ப்யூட்டரை ஆட்டிவைக்கிறார்கள் என்று தோன்றியது. காலண்டர் டிசைன் எல்லாம் திருடு போனால் பழி யார் தலையில் விழும்?

இன்டர்நெட் வயரைப் பிடுங்கலாமா என்று யோசித்து, அதற்கு முன் அந்தப் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து, இது எந்த இடத்திலிருந்து ஓடுகிறது என்று திறந்தேன். ஒரு ஃபோல்டர் வந்தது. அதற்கு ஆங்கில எழுத்தில் ‘சோளம்’ என்று பெயர் வைத்திருந்தது.

திருடர்கள் சோளம் என்று பெயர் வைப்பார்களா?

உள்ளே போட்டோக்கள். உருட்ட உருட்ட முடியவில்லை. எல்லாம் ஒரே இடம். உயரத்திலிருந்து எடுத்த மக்காச்சோளக் காடு, ஓரத்தில் கருவேல வேலி, மூலையில் நீலக் கதவு போட்ட ஒரு மோட்டார் ரூம். சில போட்டோவில் நாய். சில போட்டோவில் மயில். நிறைய போட்டோவில் தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நொடிக்கு ஒன்றாகப் புதுப் போட்டோ வந்து விழுந்துகொண்டே இருந்தது.

என் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் படுத்த நேரத்துப் போட்டோக்களைப் பார்த்தேன். அத்தனையிலும் சோளத் தட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தலைவிரித்து ஆடின. ஒழுங்காக ஓடிய நேரத்தில் அவை நிமிர்ந்து நின்றன. தூறல் போட்ட புதன்கிழமை ஒரு இலைகூட அசையவில்லை. அங்கே வாடைக்காற்று அடித்தால் இங்கே என் கம்ப்யூட்டர் திணறுகிறது!

“இது யாரு தோட்டம்?” என்று சத்தமாகவே கேட்டேன்.

வெற்றிலை போட்டுக்கொண்டு வந்த அண்ணாச்சி திரையைப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

“நம்ம தோட்டம்லா. இது எப்படித் தாயி உங்கிட்ட வந்துச்சு?”

“அதை நீங்கதான் சொல்லணும்.”

அவர் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தீபாவளி லீவில் வந்தவள், பன்றி வந்தால் கண்டுபிடிக்கத் தோட்டத்தில் ஒரு கம்பம் நட்டு சிம் கார்டு போட்ட கேமரா மாட்டிக் கொடுத்திருக்கிறாள். அச்சகம் லீவாக இருந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் சாவியை வாங்கி வந்து, இருப்பதிலேயே நல்ல கம்ப்யூட்டரான என்னுடையதில் “ஒரு சின்ன சாஃப்ட்வேர்” போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பன்றி வந்தால் அண்ணாச்சிக்குப் போன் அடிக்கும். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

“கேமரா அங்கன இருக்கு, போன் என் பையில இருக்கு. நடுவுல உன் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை?” என்றார். நடிப்பு இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

“பன்னியா இல்லையான்னு பாக்குற வேலையே இதுக்குத்தான் அண்ணாச்சி. நீங்க தினமும் வந்து நின்னு கத்துனீகளே, அந்த உரக்கடைய அமுக்கி வச்சதே உங்க சோளந்தான்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “நிப்பாட்டிரு தாயி. சோளம் போனாப் போகுது. ஆபீஸ் வேலைக்கு இடைஞ்சல் பண்ணிட்டேன்.”

அதை அவர் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பும் போய்விட்டது. இரண்டு வாரமாக நான் திட்டிய திட்டெல்லாம் இந்த மனிதரைத்தான் என்று நினைத்தபோது சங்கடமாகவும் இருந்தது. “நிப்பாட்ட வேண்டாம், மகளுக்குப் போன் போடுங்க” என்றேன்.

ஸ்பீக்கர் போனில் அந்தப் பெண் என்னை அக்கா என்பதா அத்தை என்பதா என்று தடுமாறி, அக்கா என்று முடிவு செய்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும், “ஐயையோ” என்றாள். போட்டோவுக்குப் போட்டோ என்ன மாறியிருக்கிறது என்று அது ஒப்பிட்டுப் பார்க்குமாம். மாறிய இடத்தில் பன்றி இருக்கிறதா என்று உற்றுப் பார்க்குமாம். காற்றடித்தால் எல்லா இலையும் மாறும். அது ஒவ்வொரு இலையையும் ‘நீ பன்றியா, நீ பன்றியா’ என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

“நான் நிறுத்தினாலும் திரும்ப வருதே?”

“அப்பா தெரியாம மூடிருவாகன்னு அப்படி வச்சேன்க்கா.”

அப்பா போனுக்குள் எட்டிப் பார்த்து, “நான் எதுக்குளா மூடப் போறேன்?” என்றார்.

அவள் சொல்லச் சொல்ல நான் செட்டிங்கைத் திறந்தேன். போட்டோ முழுவதையும் பார்க்காமல், ஒரு இடத்தை மட்டும் கட்டம் போட்டுக் காட்டினால் அதை மட்டும் பார்க்குமாம். “பன்னி எந்த வழியா வரும் அண்ணாச்சி?” என்று கேட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் விரலை வைத்தார்.

“இந்தா, இந்த வேலிக்குக் கீள ஒரு சந்து இருக்கு பாரு. இங்கனதான் நுழையும். இன்னும் கொஞ்சம் இங்கிட்டு. ஆங், அம்புட்டுத்தான். வேற எங்கிட்டும் வராது.”

விரல் அளவுக்கு ஒரு கட்டம் போட்டேன். “பகல்ல வருமா?”

“பகல்ல எதுக்கு வருது? இருட்டுன பிறகுதான்.”

இந்த ஒரு கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை. “அப்ப சாயந்தரம் ஆறரைக்கு மேல ஓடினாப் போதும்லம்மா? கம்ப்யூட்டரை அணைக்காம நான் வீட்டுக்குப் போயிருவேன்” என்றேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி அறையிலிருந்து அழைப்பு வர, அண்ணாச்சி எழுந்து போனார்.

“அப்பா பக்கத்துல இருக்காகளாக்கா?”

“இல்லை, போயிட்டாரு.”

“பகல்லயும் ஏன் ஓடவிட்டேன்னா, அம்மா அங்கன களை எடுக்க வரும். கேமரா படத்தை என் போன்லயும் பாக்கலாம். மத்தியானம் சாப்பிடுறப்ப எடுத்துப் பாப்பேன். அம்மாவுக்குப் போன் போட்டா, ‘நல்லாருக்கேன், வையி, காசு ஆகும்’னு சொல்லிரும். இப்பல்லாம் காசே ஆகாதுன்னாலும் கேக்காது. அதான்.”

தலையில் துண்டு கட்டிய பெண் யார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. “படம் எடுக்குறது பாரமா, ஒப்பிட்டுப் பாக்குறது பாரமா?” என்று கேட்டேன்.

“ஒப்பிடுறதுதான்க்கா. படம் எடுக்குறதெல்லாம் ஒண்ணுமே இல்லை.”

“அப்ப பகல்ல பத்து நிமிசத்துக்கு ஒரு படம் மட்டும் வரட்டும். பன்னியைத் தேட வேண்டாம்.”

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. செட்டிங்கை அப்படியே மாற்றிச் சேமித்தேன். எண்பத்தொன்பது சதவீதம் ஒரு சதவீதமாக இறங்கியது. ஃபேன் இரைச்சல் தணிந்து நின்றது. அந்த அறையில் சுவர்க் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. பக்கத்து சீட்டு அக்கா, “என்னடி, கரண்டு போச்சா?” என்று கேட்டாள்.

உரக்கடை காலண்டர் மறுநாள் லோடில் போனது. ஒரு ஜவுளிக்கடை ஆர்டர் மட்டும் நாலு நாள் தாமதம். அதற்கு கம்ப்யூட்டர் காரணம் இல்லை. நானே ஒரு ‘ற’வுக்கு ‘ர’ போட்டு, புரூஃபில் மாட்டிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் அண்ணாச்சி தூக்கக் கலக்கமும் சந்தோஷமுமாக வந்தார். வேலிச் சந்தில் நாலு பன்றி தலையை நீட்டியதுமே போன் அடித்துவிட்டதாம். தோட்டத்திலேயே படுத்திருந்த தம்பியைப் போனில் எழுப்பி, தகர டப்பாவைத் தட்டச் சொன்னாராம். “வந்த வழியே ஓடிப்போச்சு தாயி. ஒரு கதிரு போகல!” என்று ஒவ்வொரு டேபிளாகப் போய்ச் சொன்னார். தை மாதம் அறுப்பு முடிந்ததும் ஒரு சாக்கு நிறையக் கதிர் கொண்டுவந்து ஆபீஸில் எல்லோருக்கும் கொடுத்தார். முற்றிப்போய்க் கல் மாதிரி இருந்தது. உதிர்த்து வேகவைக்க மூன்று விசில் வேண்டியிருந்தது. ஆனாலும் எல்லோரும் ருசி என்றுதான் சொன்னோம்.

அன்றைக்கு அவர் என் டேபிள் பக்கத்தில் நின்று, குரலைத் தணித்து ஒரு சந்தேகம் கேட்டார்.

“தாயி, எங்க வீட்ல ரெண்டு மாசமா ஒரு மாதிரி இருக்கா. தோட்டத்துக்குப் போகையில நல்ல சேலையாப் பாத்துக் கட்டுறா. நேத்துப் பூ வேற வச்சுக்கிட்டு, அந்தக் கேமராவுக்கு நேராப் போய் நிக்கா. கேட்டா சிரிக்கா. ஒனக்கு ஏதும் தெரியுமா?”

“சந்தோசமா இருக்காகளா?”

“அது இருக்கா.”

“அப்ப விடுங்க அண்ணாச்சி. கேக்காதீக” என்று சொல்லிவிட்டு, திரையில் இருந்த பள்ளிக்கூட ஆண்டு விழா அழைப்பிதழுக்குத் திரும்பினேன்.