அரை மில்லிமீட்டர்

போன வாரம் எங்கள் வீட்டு கேட்டுக்கு பெயின்ட் அடிக்க வந்தவர் தின்னர் டின்னைத் திறந்தார். வாசனை வந்ததும் நான் எழுந்து போய், டின்னின் சீல் ஏற்கெனவே உடைந்திருந்ததா என்று பார்த்தேன். உடைந்திருந்தது. "பாதிய வேற வூட்ல ஊத்திட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாம்மா, நீ போலீஸா?" என்றார்.

போலீஸ் இல்லை. ஒரகடம் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளர். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். எடுக்கிற ஒவ்வொரு பாகத்திலும் தப்பு இருக்கும் என்று நம்பித்தான் கையில் எடுக்க வேண்டும். எட்டு மணி நேரம் அப்படி நம்பிவிட்டு பஸ் ஏறினால், உத்திரமேரூர் வந்து இறங்கிய பிறகும் அந்தப் பழக்கம் இறங்குவதில்லை.

தின்னர் வாசனைக்கும் எனக்கும் பழைய தொடர்பு உண்டு. அது என்னை நேராக பேஸ் கிட்டார்களிடம் கொண்டுபோய் விடும். எனக்கு வாசிக்க வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கடைசியில் ஒரு பாட்டு கேட்பீர்கள். பழைய பேஸ் கிட்டாரை வாங்கிப் பிரித்து, துருவைத் துடைத்து, ஒயரை மாற்றி, வாசிக்கத் தோதாக அமைத்துக் கொடுப்பது மட்டும்தான் என் பொழுதுபோக்கு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் தொடங்கியது. முதல் கிட்டாரை, கச்சேரிக் குழுவைக் கலைத்துவிட்ட ஒருவரிடம் காஞ்சிபுரத்தில் வாங்கினேன். வாங்குவதற்கு முன் பதினான்கு கேள்விகள் எழுதி அனுப்பினேன். பன்னிரண்டாவது கேள்விக்குப் பதில் வரவில்லை, போன்தான் வந்தது. "மேடம், நீங்க கிட்டாரு வாங்கறீங்களா, மாப்பிள்ளை பாக்கறீங்களா?"

அந்தக் கிட்டார் மேல் யாரோ கறுப்பு ஸ்ப்ரே அடித்திருந்தார்கள். எதையோ மறைக்கத்தான் அடித்திருக்கிறார்கள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை தின்னர் போட்டுத் துடைத்தேன். அடியில் நல்ல சந்தன நிறம். மறைக்க ஒன்றுமே இல்லை, அவருக்குக் கறுப்பு பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

பேஸ் கிட்டாரில் முக்கியமான விஷயம் கம்பியின் உயரம். கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகளுக்கு மேலே கம்பி எவ்வளவு தூக்கி நிற்கிறது என்பது. அதிகம் தூக்கினால் விரல் வலிக்கும். தாழ்ந்தால் கம்பி கட்டையில் உரசி கிர்ர் என்று இரையும். நான் பன்னிரண்டாவது கட்டையில் இரண்டரை மில்லிமீட்டர் வைப்பேன். நோட்டில் அதை எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

அந்த நோட்டைப் பார்த்துத்தான் ஜான்சி என்னோடு பேச ஆரம்பித்தாள். அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவு, என்னைவிட மூன்று வயது சின்னவள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்து எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, பேஸா இது?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க சபையில நான்தான் வாசிக்கறேன்."

நான் நம்பவில்லை. எத்தனை கம்பி என்று கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நாலுக்கா. அஞ்சு வச்சதும் கீது. பாஸா, பெயிலா?"

திருமுக்கூடல் பக்கம் அவள் ஊர். சபையின் பேஸ் கிட்டார் அவள் வீட்டில்தான் இருக்கும். அண்ணன் டேனியல் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். சனிக்கிழமைகளில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே கிட்டாரைச் செருகிக்கொண்டு எங்கள் வாசலில் ஹாரன் அடிப்பார். "இன்ஸ்பெக்டர் அம்மா, பேஷன்ட்ட எறக்கலாமா?" நான் சரிசெய்து கொடுப்பேன், ஞாயிறு காலை ஜான்சி சபையில் வாசிப்பாள். நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை.

சபையில் வாத்தியம் வாசிக்கிற ஒரே பெண் அவள். கீபோர்டு வாசித்தது பாஸ்டர் மகன். பேஸ் சத்தத்தைக் கீபோர்டிலேயே இடது கையால் போட்டுவிடலாம், தனியாக ஓர் ஆள் எதற்கு என்பது அவன் கட்சி. ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பேச்சு நடக்கும். கிட்டார் ஒழுங்காக இருக்கும்வரை பேச்சோடு நின்றது.

ஐந்தாவது மாதம் அது இரையத் தொடங்கியது.

சனிக்கிழமை அளந்தால் கம்பி அரை மில்லிமீட்டர் ஏறியிருந்தது. இறக்கி வைத்தேன். மறுநாள் சபையில் கிர்ர். அடுத்த சனிக்கிழமை அளந்தால் அரை மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ஏற்றினேன். அதற்கடுத்த வாரம் மறுபடி ஏறியிருந்தது. ஒரு வாரம் ஏற, ஒரு வாரம் இறங்க, யாரோ கடிகாரம் வைத்துக்கொண்டு திருகுகிற மாதிரி. "இன்னும் ஒரு தரம் இரைஞ்சா கீபோர்டே போதும்னு பாஸ்டர் சொல்லிட்டாருக்கா" என்றாள் ஜான்சி. சபையின் மூன்று நாள் ஜெபப் பெருங்கூட்டம் அடுத்த மாதம் வருவதாக இருந்தது. அதில் வாசிக்கத்தான் அவள் வருடம் முழுக்கக் காத்திருந்தாள்.

கம்பெனியில் போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன் மேல் ஒரு பெயின்ட் கோடு இழுப்போம். யாராவது திருகினால் கோடு விலகிவிடும். நான் கம்பியை ஏற்றி இறக்கும் திருகுகளில் நெயில் பாலிஷால் அப்படிக் கோடு போட்டேன். மெரூன் கலர், ஜான்சி தந்தது. கடையில் ஒரே மாதிரி இரண்டு பாட்டில் வாங்கி எனக்கு ஒன்று கொடுத்திருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை கோடு விலகவே இல்லை. அளவு மட்டும் மாறியிருந்தது.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால், யாரும் திருகவில்லை என்று புரிந்துகொண்டிருப்பீர்கள். எனக்குப் புரிந்தது வேறு. திருகியவரிடம் அதே கலர் நெயில் பாலிஷ் இருக்கிறது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டேன். ஒன்று, டேனியல்: இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் ஜான்சி மாலையில் வீட்டில் இருப்பதில்லை, இவர் இருப்பார், குடிப்பாரா, விசாரிக்கவும். இரண்டு, பாஸ்டர் மகன்: லாபம் இவனுக்குத்தான், ஆனால் கிட்டார் இவன் கைக்கு வருவதில்லை. மூன்று, வெயில். நான்கு, லோடு ஆட்டோவின் குலுக்கல். ஐந்து, கழுத்துப் பலகையில் கோணல். ஆறு, ஜான்சி: அதே நெயில் பாலிஷ்; எல்லாரும் தன்னைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவா?

லாபம் பாஸ்டர் மகனுக்கு என்று நானே எழுதியிருந்தும், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர் எப்படி முதலில் வந்தார் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். "அந்தப் பொண்ணு ஊருக்குள்ளயா, காலனியா?" என்று அம்மா ஒருநாள் கேட்டபோது, "இன்னா கேள்விம்மா இது" என்று இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தவள் நான். பட்டியலுக்கு வரிசை எண் போட்டவளும் நான்தான்.

பெருங்கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை கிட்டாரோடு ஜான்சியே வந்திருந்தாள். பழைய பேஸ் கம்பிகளைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்தால் அழுக்கு விட்டு சத்தம் மறுபடி துலங்கும். அடுப்படியில் அதைச் செய்துகொண்டிருந்தேன். அம்மா, "சாம்பாரு வச்ச குண்டானாடி அது?" என்று பின்னாலேயே நின்றாள். அறைக்குத் திரும்பியபோது ஜான்சி நோட்டை மூடிக்கொண்டிருந்தாள். போன வார அளவைப் பார்க்கத்தான் எடுத்திருக்கிறாள்.

"எங்கண்ணன் குடிப்பானான்னு நோட்டுல எழுதிக்கினு கீறியே, என்னாண்ட கேட்டா சொல்ல மாட்டனா?"

நான் நோட்டை வாங்கி மேசையில் வைத்தேன்.

"குடிக்க மாட்டான்க்கா" என்றாள். கம்பியே இல்லாத கிட்டாரை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பஸ் ஸ்டாண்டு வரை அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போனாள். உள்ளே கம்பிகள் கொதித்துக்கொண்டிருந்தன.

நான் பின்னால் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. தப்பு இல்லாதவள் எதற்குக் கிளம்ப வேண்டும் என்று யோசித்தேன். ஆறாவது பெயருக்குப் பக்கத்தில் அதையும் எழுதி வைத்தேன். கம்பிகளைத் துடைத்து, சுருட்டி, உறையில் போட்டு, பெயர் எழுதி, அவள் வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தேன். பேஸ் கம்பி எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது, அது எனக்குத் தெரியும். பெருங்கூட்டத்தில் மூன்று நாளும் கீபோர்டே பேஸும் வாசித்தது.

தின்னர் கதைக்கு இப்போதுதான் வருகிறேன். எங்கள் கம்பெனியில் கழித்துப் போடும் அளவுகோல்களுக்கு சிவப்புப் பெயின்ட் பூசிவிடுவார்கள், யாரும் தெரியாமல் எடுத்து அளந்துவிடக் கூடாது என்று. ஜான்சியின் கிட்டார் இரையத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு அப்படி ஒரு ஸ்டீல் ஸ்கேலைப் பழைய பசை சுரண்ட உதவும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். சிவப்பு கையில் ஒட்டியதால் தின்னர் போட்டுத் துடைத்தேன். பளிச்சென்று, என் பையில் இருந்த நல்ல ஸ்கேல் மாதிரியே ஆகிவிட்டது. மேசையில் போட்டேன், அது என்ன என்பதையும் மறந்தேன்.

ஜான்சி போன மூன்றாவது வாரம் என் சந்தன நிறக் கிட்டாரை அளந்தேன். சுவரில் தொங்கிய இடத்தை விட்டு நகராதது. அரை மில்லிமீட்டர் ஏறியிருந்தது. ஒரு நிமிடம் அம்மாவைச் சந்தேகப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பிறகு பையில் இருந்த ஸ்கேலால் அளந்தேன். சரியாக இரண்டரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மேசை ஸ்கேலின் முனை அரை மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது, எதை அளந்தாலும் அவ்வளவு கூடக் காட்டும்.

முதல் ஷிப்ட் வாரம் பையோடு நேராக வந்து பை ஸ்கேலால் அளப்பேன். இரண்டாம் ஷிப்ட் வாரம் காலையில் வீட்டிலேயே இருப்பேன், மேசை ஸ்கேல். கிட்டாரை வாரம் தவறாமல் கெடுத்தும் திருத்தியும் கொண்டிருந்தது நான்.

அன்றே கம்பி உறையோடு அவள் ஊருக்குப் போனேன். டேனியல் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். இந்த முறை இன்ஸ்பெக்டர் அம்மா என்று கூப்பிடவில்லை. "வாங்க, குந்துங்க. தங்கச்சி உள்ள கீது" என்றார். ஜான்சி வந்தாள். ஸ்கேல் விஷயத்தை ஆரம்பத்தில் இருந்து சொன்னேன். இரண்டு ஸ்கேலையும் எடுத்துக் காட்டினேன். அவள் பொறுமையாகப் பார்த்தாள்.

"கிட்டாரை வேற ஊரு சபைக்குக் குடுத்துட்டாங்கக்கா. அங்க புதுக் கம்பியே போட்டுக்கினாங்களாம்" என்றாள். பிறகு, "அந்த நோட்டுல ஆறு பேரு இருந்துச்சு. வெயிலு கூட இருந்துச்சு. உன் பேரு எங்கக்கா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது.

டேனியல் குழாயை மூடினார். நான் இரண்டு ஸ்கேலையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. சனிக்கிழமைகளில் எங்கள் வாசலில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. ஜான்சி அதே பஸ்ஸில்தான் வருகிறாள், முன்னால் பேக்கிங் பெண்களோடு உட்காருவாள். பார்த்தால் சிரிப்பாள். வேலை, மழை, கேன்டீன் சாப்பாடு பற்றிப் பேசுவோம். கிட்டார் பற்றிப் பேசுவதில்லை.

போன மாதம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. அவள் என் பக்கத்தில் நின்று மேல்கம்பியைப் பிடித்திருந்தாள். பேஸ் வாசிக்கிறவர்களுக்கு இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போயிருக்கும். அவளுக்கு நான்கு விரலிலும் மஞ்சளாகத் தடித்திருக்கும். போனைத் தொட்டால் திரைக்கே தெரியவில்லை என்று அப்போது சிரிப்பாள். டிரைவர் பிரேக் போட்டபோது அவள் பிடி நழுவி, இடது கை என் முகத்துக்கு நேரே வந்தது. விரல் நுனிகள் நான்கும் மழமழவென்று இருந்தன.

வெளிச்சம் சரியில்லை, நான் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த பிரேக்குக்காகக் காத்திருந்து, இன்னொரு முறை பார்த்தேன்.