பௌர்ணமி பஸ்ஸும் பொட்டு வைத்த சர்வரும்

செஞ்சிக்குப் போகிறவர்கள் கோட்டை பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு ஸ்கேன் சென்டரின் சர்வரைப் பார்க்க. ஆயுத பூஜை முடிந்த ஆறாம் நாள், சனிக்கிழமை, அதுவும் பௌர்ணமி. காலண்டரைப் பார்க்காமல் கிளம்பிய என்னை என்ன சொல்லித் திட்ட?

காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ்ஸில் கால் வைத்தேன். "செஞ்சியா? இறங்கு சார், இறங்கு. கிரிவலக் கூட்டம், பாதி வழி டிக்கெட்ட ஏத்த முடியாது" என்றார் கண்டக்டர். அடுத்த இரண்டு பஸ்ஸிலும் அதே பாட்டு. கடைசியில் விழுப்புரம் பஸ்ஸில் போய்த் திண்டிவனத்தில் இறங்கி, அங்கிருந்து முப்பது ரூபாய் டிக்கெட்டில் இருபத்தெட்டு கிலோமீட்டரும் நின்றுகொண்டே பயணம். யாருடைய பூசணிக்காயோ வழி முழுக்க என் கால்மேல் உருண்டது. செஞ்சி சேரும்போது மணி பத்தரை.

திரும்பிப் போயிருப்பேன். ஆனால் அங்கே பில் போடுவதோடு கம்ப்யூட்டர்களையும் கவனித்துக்கொள்ளும் ஆரோக்கியமேரிக்கு வேலை போக இருந்தது. பூஜை விடுமுறை முடிந்து திறந்ததிலிருந்து எல்லாமே மந்தம். ஸ்கேன் படம் ஒன்று நகர்ந்தால் பில் திரை உறைந்துவிடும், வரிசையில் நிற்பவர்கள் கத்துவார்கள். "அந்தப் பொண்ணு இன்னாவோ நோண்டிடுச்சி சார். இன்னிக்குள்ள சரியாவலன்னா நாளையிலேர்ந்து வரவேணாம்னு சொல்லிட்டேன்" என்று முதலாளி போனில் சொல்லியிருந்தார்.

விஷயம் இதுதான். சர்வர் ஒரே பெட்டி. அதற்குள் பில்லுக்கு ஒன்று, ஸ்கேன் படத்துக்கு ஒன்று என்று பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் பிரித்திருக்கிறோம். பெட்டியின் முதுகில் நான்கு நெட்வொர்க் போர்ட், அதாவது கேபிள் சொருகும் ஓட்டை. பில்லுக்கு, படத்துக்கு, பேக்கப்புக்கு, பெட்டியை நிர்வகிக்க என்று ஆளுக்கொரு வழி. ஒரு வழி அடைத்தால் இன்னொன்றில் போகட்டும் என்றும் அமைத்திருந்தேன். சென்னையிலிருந்து பார்த்தால் மூன்று வழி செத்துக் கிடந்தது. மொத்தக் கூட்டமும் ஒன்றில் முண்டியடித்தது. "கேபிள் மாட்டியிருக்கா?" என்று கேட்டால், "மாட்டித்தான் சார் இருக்குது" என்பார் ஆரோக்கியமேரி. நாலு நாளும் அதே பதில். எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

நேரில் பார்த்தால், மாட்டித்தான் இருந்தது! ஒரு கேபிளைக் கழற்றி, செல்போன் வெளிச்சத்தில் போர்ட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே காய்ந்து கெட்டியாகிப்போன சந்தனம், நடுவில் குங்குமம்.

"யாரு சார் இதுல பொட்டு வெச்சது?"

"நான்தான். இருக்கறதுலயே விலை ஒசந்த மிஷினாச்சே, வயரெல்லாம் கழட்டி என் கையாலயே தொடச்சி, பொட்டு வெச்சி மாட்டினேன்" என்றார் முதலாளி பெருமையாக.

"நாலு ஓட்டையில மூணுக்கு மட்டும் ஏன்?"

"ஒத்தப்படையா வெக்கணும்ல சார்?"

கடவுளே! அந்த ஒற்றைப்படைக் கணக்கால்தான் நான்காவது தப்பித்தது. சர்வரை அணைத்துவிட்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மூன்றையும் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரமானது. மறுபடி போட்டதும் நான்கு விளக்கும் எரிந்தன. வழிகள் பிரிந்தன, பில் மளமளவென்று வந்தது. "சரிம்மா, போய் வேலையப் பாரு" என்றார் முதலாளி ஆரோக்கியமேரியிடம். அவ்வளவுதான். ஒரு வருத்தம் தெரிவிக்கிற வார்த்தை? மூச்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போகிறவர்களுக்கு: பௌர்ணமியன்று அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். வேறு வழியில்லையென்றால் திருவண்ணாமலை பஸ்ஸை மறந்துவிட்டுத் திண்டிவனம் போய் மாறுங்கள். கோட்டை இருக்கும் ராஜகிரி மலை ஏறுவதானால் வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. சர்வர் வைத்திருப்பவர்கள் பொட்டை முன்பக்கம் வையுங்கள், எத்தனை வேண்டுமானாலும். முதுகுப் பக்கம் கை போகக் கூடாது.

கிளம்பும்போது ஆரோக்கியமேரியிடம் எரிந்துவிழுந்தேன். "சந்தனம் வெச்சது உங்களுக்குத் தெரியாதா?"

"லீவு முடிஞ்சி வந்த அன்னிக்கே பார்த்துட்டேன் சார்."

"அப்ப போன்லயே சொல்ல வேண்டியதுதானே? நாலு நாள்ம்மா! வேலையே போயிருக்கும்!"

அவர் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் பேரு ஆரோக்கியமேரி சார். சாமி கும்பிட்டதாலதான் மிஷின் கெட்டுச்சின்னு என் வாயால சொல்லியிருந்தா, வேலையோட போயிருக்குமா?"