மலடு என்று விற்ற கிடேரி

கே.ஜி.கண்டிகையில் குப்பம்மாளிடம் மாட்டைப் பற்றிக் கேட்டால் தேதியோடு பதில் வரும். எந்தப் பசு எந்த மாதம் ஈன்றது, எதற்குச் சினை ஊசி இரண்டாம் தடவைதான் பிடித்தது, எல்லாம் மனப்பாடம். ஒரே ஒரு நாட்டுப் பசுவில் தொடங்கி பதினெட்டு வருடத்தில் ஏழு கறவை சேர்த்தவள்.

அந்தப் பதினெட்டு வருடமும் அவளுக்கு யோசனை சொன்னவர் கால்நடை டாக்டர் பக்தவச்சலம். பள்ளிப்பட்டு ரோட்டில் அவருக்கே சொந்தமாக மாட்டுப் பண்ணை உண்டு. ஈனும்போது கன்று குறுக்கே சிக்கினால் மழையிலும் வண்டியை எடுத்து வருவார். அவர் வந்தால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள்.

செம்பி அவள் வளர்த்ததிலேயே நல்ல கிடேரி. மூன்று முறை ஊசி போட்டாயிற்று. அதற்குப் பிறகு அது பருவத்துக்கே வரவில்லை. டாக்டர் கையை விட்டுச் சோதித்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“கருப்பை சுருங்கிப் போச்சு, குப்பம்மா. இது மலடு. சும்மா தீனி போட்டுகினு இருக்காத. கந்தனை அனுப்பறேன், ஓட்டி விட்டுடு.”

கந்தன் மாட்டுத் தரகன். மலட்டு மாடு எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். அவன் வண்டியில் ஏற்றியபோது அவள் வெளியே வரவில்லை. நான்கைந்து நாள் சோறு இறங்கவில்லை.

மூன்று வருடம் கழித்து மகள் அனுசுயாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முதல் பத்திரிகை மலைமேல் முருகனுக்கு. அடுத்தது டாக்டருக்கு என்று தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, கணவர் ஜெகநாதனோடு பண்ணைக்குப் போனாள்.

கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்த ஆளுக்குப் பின்னால் ஒரு செவலைப் பசு திரும்பிப் பார்த்தது. குப்பம்மாள் தட்டோடு நின்றுவிட்டாள்.

“இது எப்ப வந்துச்சுங்க?”

“மூணு வருஷம் ஆச்சும்மா. கந்தன் ஓட்டியாந்தான். வந்த ஆறாம் மாசமே ஈன்றுச்சு. இது மூணாவது ஈத்து.”

அவள் விரல்விட்டு எண்ணினாள். அப்படியென்றால் விற்ற அன்று மூன்று மாதச் சினை. கையை விட்டுப் பார்த்த டாக்டருக்குத் தெரியாமல் இருக்காது.

டாக்டர் வீட்டிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். “வா குப்பம்மா, என்ன விசேஷம்?”

“இது செம்பி தானேங்க?”

“எந்தச் செம்பி?”

“காதுல கம்பி கிழிச்ச வடு இருக்குதுங்க. நீங்கதான் தையல் போட்டீங்க.”

அவர் மாட்டைப் பார்த்தார். ஜெகநாதனைப் பார்த்தார். “அன்னிக்கு எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. வேணும்னா ஒரு கன்னை ஓட்டிகினு போ.”

“கன்னு வேணாங்க. கறிக்குப் போயிடுச்சுன்னு மூணு வருஷமா நினைச்சிகினு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

பத்திரிகையை அவர் கையில் கொடுக்காமலே திரும்பினாள். வழியில் ஜெகநாதன், “ஊர்ல சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க,” என்றார். அப்படித்தான் ஆனது. பால் சொசைட்டியில், “அவரையா சொல்ற?” என்று கேட்டுவிட்டுப் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், டாக்டர் மலடு என்று சொன்ன தன் கிடேரியையும் கந்தன்தான் ஓட்டிப் போனான் என்று மெதுவாகச் சொன்னாள்.

இப்போது ஆர்.கே.பேட்டையிலிருந்து அனுராதா என்ற இளம் டாக்டர் வருகிறார். கெட்டிக்காரி. போன மாதம் ஒரு கிடேரியைச் சோதித்துச் சினை இல்லை என்றார். குப்பம்மாள் தலையாட்டினாள். மறுநாளே அதை மினி லாரியில் ஏற்றி இன்னொரு டாக்டரிடம் கொண்டுபோனாள். அவரும் அதையேதான் சொன்னார். அனுராதாவுக்கு இது தெரிந்தபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குப்பம்மாளுக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.